பழைய எம்சி கார்ட்ரிட்ஜ் வாங்கப் போகிறீர்களா? முதலில் ரப்பரைப் பாருங்கள்

டர்ன்டேபிளோடு வந்த கார்ட்ரிட்ஜில் (ரெக்கார்டின் பள்ளத்தைத் தடவி ஒலியை மின்சாரமாக்கும் ஊசித் தலை) ஒரு வருடம் ரெக்கார்ட் கேட்டு முடித்தவர்களுக்கு அடுத்து வரும் ஆசை பெரும்பாலும் ஒரு மூவிங் காயில் (எம்சி) கார்ட்ரிட்ஜ்தான். புதியதன் விலையைப் பார்த்ததும் மனம் தானாகப் பழையதன் பக்கம் திரும்பும். 1970, 80களில் ஜப்பானில் செய்தவை இன்றும் அங்குள்ள பழைய சாமான் கடைகளிலும் இணைய ஏலங்களிலும் வந்துகொண்டே இருக்கின்றன. டென்மார்க்கின் ஆர்ட்டோஃபோன் 1959இல் கொண்டுவந்த எஸ்பியு வகையும் அப்படித்தான்.

நான் முதலில் வாங்கியது பெட்டி பிரிக்காத ஒன்று. விற்றவர் யார், எந்தக் கம்பெனி என்பதெல்லாம் இங்கே வேண்டாம். ஒருமுறைகூட ஓடாதது, வைர ஊசி கண்ணாடி மாதிரி இருந்தது. ரெக்கார்டில் இறக்கியதும் கார்ட்ரிட்ஜின் வயிறு தட்டைத் தொட்டுவிட்டது. உள்ளே இருந்த ரப்பர் வளையம் நாற்பது வருடத்தில் குழைந்து போயிருந்தது. பெட்டிக்குள் சும்மா இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அன்றிலிருந்து நான் பார்க்கும் வரிசை இது: முதலில் ரப்பர், அப்புறம் காயில், கடைசியாகத்தான் ஊசி. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஊசியிலிருந்து தொடங்குகிறார்கள். அது தலைகீழ். ஊசி தேய்ந்திருந்தால் மாற்றித் தர ஆள் உண்டு. ரப்பர் போயிருந்தால் கார்ட்ரிட்ஜைப் பிரித்து, அந்த நுண்ணிய காயிலைத் தொட்டு வேலை செய்ய வேண்டும். செலவும் அதிகம், செய்யத் தெரிந்தவர்களும் குறைவு.

உள்ளே என்ன இருக்கிறது

சாதாரண எம்எம் (மூவிங் மேக்னட்) வகையில் ஊசியோடு சேர்ந்து ஆடுவது ஒரு குட்டிக் காந்தம். காயில் உடம்போடு நிலையாக நிற்கும். அதனால் ஊசிப் பகுதியை மட்டும் உருவி எடுத்துவிட்டு வேறு செருகலாம். எம்சியில் இது நேரெதிர். காந்தம் நிலையாக இருக்க, தலைமுடியைவிட மெல்லிய கம்பியில் சுற்றிய காயில் ஊசித் தண்டோடு சேர்ந்து ஆடுகிறது. இந்தத் தண்டைத்தான் கான்டிலீவர் என்கிறோம். அதன் பின்முனையை ஒரு மெல்லிய எஃகுக் கம்பி பிடித்துக்கொண்டிருக்கும். அங்கே இருக்கும் ரப்பர் வளையம் ஆட்டத்தை அளவாக அடக்கும். கம்பி, ரப்பர் இரண்டையும் சேர்த்துச் சஸ்பென்ஷன் என்பார்கள். ஜப்பானின் சாட்டின் போன்ற நிறுவனங்கள் ஊசியைக் கழற்றி மாற்றும்படி சில எம்சி மாடல்கள் செய்ததுண்டு. மற்றபடி எம்சி என்றால் ஊசி தேய்ந்ததும் முழுக் கார்ட்ரிட்ஜையும்தான் அனுப்ப வேண்டும்.

முதல் கார்ட்ரிட்ஜாக எதைத் தேடலாம் என்று கேட்டால், யோசிக்காமல் டெனானின் டிஎல்-103 என்பேன். ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் தேவைக்காக 1960களில் உருவாக்கியது. 1970இல் பொது விற்பனைக்கு வந்தது. இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. அதில்தான் வசதி. பழையது ஒன்று கையில் வந்தால், சரியான டிஎல்-103 எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒப்பிட்டுப் பார்க்க ஆதாரம் இருக்கிறது. எடை 8.5 கிராம், வெளியீடு 0.3 மில்லிவோல்ட், உள்தடை 40 ஓம், ஊசி அழுத்தம் 2.5 கிராம். இந்த நான்கு எண்களையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கீழே திரும்பத் திரும்ப வரும்.

பணம் கொடுப்பதற்கு முன்

விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள். நேர் முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டிலிருந்து ஒன்று, வயர் செருகும் பின்பக்க ஊசிக்கால்கள் தெரிய ஒன்று. பக்கவாட்டுப் படம் ரெக்கார்டின் மேல் சரியான அழுத்தத்தில் நிற்கும்போது எடுத்ததாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. எடுத்துத் தர மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள், வேறு வரும்.

ஜப்பானிய ஏலங்களில் வரும் சொற்களுக்கு அங்கே தனிப் பொருள் உண்டு. 'ஜங்க்' என்று போட்டிருந்தால் கெட்டுப்போனது என்று நேரடி அர்த்தம் இல்லை. எந்த உத்தரவாதமும் இல்லை, திருப்பி வாங்க மாட்டோம் என்பதுதான். 'ஒலி வருவதைச் சோதித்தோம்' என்ற வரியும் அடிக்கடி வரும். இரண்டு பக்கமும் ஏதோ சத்தம் வந்தது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ஊசி எவ்வளவு தேய்ந்தது, தண்டு எவ்வளவு தாழ்ந்தது என்பதெல்லாம் உங்கள் பாடு.

'ரீடிப் செய்தது' (ஊசியைப் புதுப்பித்தது) என்பதற்குத்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ரீடிப்பில் மூன்று விதம் உண்டு. வைரத்தை மட்டும் மாற்றுவது ஒன்று. பழைய தண்டை வெட்டி, அதன் குட்டை முனையில் புதுத் தண்டையும் ஊசியையும் ஒட்டுவது இன்னொன்று. சஸ்பென்ஷனையும் சேர்த்து முழுதாகப் புதுப்பிப்பது மூன்றாவது. முதல் இரண்டிலும் பழைய ரப்பர் அப்படியே உள்ளே இருக்கும். எனவே எந்த விதம், எந்த வருடம், யார் செய்தது என்று கேளுங்கள். ஒட்டுப் போட்ட இடத்தில் பசை உருண்டையாகத் திரண்டிருந்தால் வேலை சுமார் என்று அர்த்தம். ஆடும் பாகத்தின் எடை கூடியிருக்கும். ஒரு எச்சரிக்கை: டிஎல்-103இன் அலுமினியத் தண்டே ஒன்றுக்குள் ஒன்று செருகிய இரண்டு குழாய்தான். அந்த இணைப்பைப் பார்த்து 'ஒட்டுப் போட்டிருக்கிறான்' என்று விற்பவரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

கையில் வந்ததும்

அவசரப்பட்டு ஹெட்ஷெல்லில், அதாவது டர்ன்டேபிள் ஆர்மின் (கையின்) நுனியில் கார்ட்ரிட்ஜைத் தாங்கும் பகுதியில், மாட்ட வேண்டாம். மேசையில் வெள்ளைத் தாள் விரித்து, நல்ல வெளிச்சத்தில் உட்காருங்கள். பக்கத்தில் எஃகு ஸ்க்ரூடிரைவர், இடுக்கி எதுவும் இருக்கக் கூடாது. எம்சியின் காந்தம் வலுவானது. எஃகு முனையைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும், நடுவில் மாட்டுவது தண்டாகத்தான் இருக்கும். பித்தளை அல்லது அலுமினியத் திருகுகளும் காந்தம் பிடிக்காத கருவியுமே நல்லது.

முன்னாலிருந்து பாருங்கள். தண்டு உடம்பின் நடுவில், செங்குத்தாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் முன்பு ஆன்டி-ஸ்கேட்டிங் (ஆர்ம் உள்பக்கம் இழுபடுவதைச் சமன் செய்யும் அமைப்பு) தப்பாக வைத்து ஓட்டியிருக்கலாம், அல்லது ரப்பர் ஒரு பக்கம் தளர்ந்திருக்கலாம். தண்டு வெளியே வரும் துவாரத்தைச் சுற்றிக் கறுப்பாக மீசை முளைத்த மாதிரி ஏதாவது தெரிந்தால் அது தூசி இல்லை, இரும்புத்தூள். காந்தம் வருடக்கணக்கில் சேர்த்து வைத்தது. உள்ளே காயில் ஆடும் இடைவெளிக்குள் அது நுழைந்துவிட்டால் ஒலி கரகரக்கும். விளிம்பில் இருப்பதை மட்டும் நீலக் களிமண் போன்ற ஒட்டும் பொருளின் நுனியால் தொட்டு எடுக்கலாம். உள்ளே குத்தக் கூடாது, ஊதக் கூடாது. ஸ்பிரிட்டோ வேறு திரவமோ அந்தத் துவாரத்தின் பக்கமே போகக் கூடாது.

தண்டு எந்தப் பொருள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அலுமினியம் வளையும். போரானும் மாணிக்கமும் வளையாது, உடையும். அந்தக் காலத்தில் பெரிலியத் தண்டும் புழக்கத்தில் இருந்தது. அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. உடைந்த பெரிலியத் தண்டைத் தேய்ப்பது, ராவுவது, விளையாட்டுக்கு முறிப்பது எல்லாம் கூடவே கூடாது.

பின்பக்க ஊசிக்கால்களில் பச்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஈரக்காற்றில், அதிலும் கடலோர ஊர்களில் கிடந்த கார்ட்ரிட்ஜில் இது சகஜம். காலின் மேல் மட்டும் என்றால் துடைத்துவிடலாம். பச்சை உள்ளே காயில் கம்பி பற்றவைத்த இடம் வரை போயிருந்தால் அந்தக் கம்பி அறுபடும் நாள் தூரத்தில் இல்லை. இன்னொன்று, கால்களில் நேரடியாக ஈயம் வைத்துப் பற்றவைத்த தடம் இருந்தால் அந்தக் கார்ட்ரிட்ஜ் எனக்கு வேண்டாம். அந்தச் சூடு நேராக உள்ளே போகும்.

மல்டிமீட்டர் சொல்வது

டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். முள்ளாடும் பழைய மீட்டர் வேண்டாம். குறைந்த ஓம் அளவில் அது அதிக மின்னோட்டம் அனுப்பும். ஊசி எதையும் தொடாதபடி வைத்து, பின்பக்க ஊசிக்கால்களில் வெள்ளைக்கும் நீலத்துக்கும் இடையே இடது பக்கத்தையும், சிவப்புக்கும் பச்சைக்கும் இடையே வலது பக்கத்தையும் பாருங்கள். இரண்டு மூன்று விநாடிக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

டிஎல்-103 என்றால் இரண்டு பக்கமும் 40 ஓமை ஒட்டி வரும். 14 ஓம் வந்தால் பயப்படாதீர்கள், கையில் இருப்பது டிஎல்-103ஆர் ஆக இருக்கும். அதன் காயிலே அவ்வளவுதான். எண்ணுக்குப் பின்னால் ஒரு எழுத்து மாறினால் அளவு எல்லாம் மாறும் என்பதை இங்கேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். எஸ்பியு போன்றவற்றில் காயில் தடை சில ஓம்தான். அங்கே மீட்டரின் வயர்த் தடையே கணக்கைக் கெடுக்கும். முதலில் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டு, வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அப்புறம் கழியுங்கள்.

எண் துல்லியமாக இருப்பதைவிட இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒத்திருப்பதுதான் முக்கியம். ஒரு பக்கம் மீட்டர் ஒன்றுமே காட்டவில்லை என்றால் கம்பி அறுந்திருக்கிறது. எண் நிலையில்லாமல் தாவினால் அறுபடப் போகிறது. இரண்டு நிலையிலும் அதன் விலை வெறும் உதிரிபாகத்தின் விலைதான்.

ஊசியைப் பார்ப்பது

கைக்கண்ணாடியில் அழுக்கு தெரியும், தேய்மானம் தெரியாது. 200 மடங்கு பெரிதாக்கும் யுஎஸ்பி மைக்ரோஸ்கோப் வேண்டும், விலை அதிகமில்லை. விளக்கைப் பக்கத்திலிருந்து காட்டி மெல்லக் கோணத்தை மாற்றுங்கள். தேயாத கூம்பு ஊசியின் நுனியில் ஒளி ஒரு சிறு புள்ளியாகத்தான் மின்னும். தேய்ந்ததில் நுனியின் இரண்டு தோளிலும், பள்ளத்தின் சுவர் உரசிய இடத்தில், தட்டையான திட்டு ஒவ்வொன்று பளீரென்று தெரியும். ஒரு பக்கத் திட்டு பெரிதாக இருந்தால் முன்னவர் ஆன்டி-ஸ்கேட்டிங்கைக் கவனிக்கவில்லை.

இதில் ஒரு பொறி உண்டு. ஷிபாட்டா போன்ற நுண்வடிவ ஊசிகளில் பட்டைத் தீட்டலே வடிவத்தின் பகுதி. புதிதாக இருக்கும்போதே முகப்புகள் மின்னும். கூம்பு ஊசியையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தேய்மானமாகத் தெரியும். அந்த வகையை வாங்குவதாக இருந்தால் அதே வடிவத்தின் புது ஊசிப் படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

ரப்பரைச் சோதிக்கும் வழி

இப்போதுதான் உண்மையான தேர்வு. ஹெட்ஷெல்லில் மாட்டி, அழுத்தத்தைத் தராசில் வைத்து அளந்து, அந்த மாடலுக்குச் சொன்ன எடையிலேயே வையுங்கள். பழையது, பாவம் என்று குறைத்து வைக்காதீர்கள். எடை குறைந்து ஊசி பள்ளத்தில் துள்ளினால் சுவர் சிதையும். அதைவிட அரை கிராம் கூடுவது எவ்வளவோ மேல்.

தராசும் காந்தம் பிடிக்காததாக இருக்க வேண்டும். எஃகுத் தட்டு உள்ள தராசு கார்ட்ரிட்ஜைக் கீழே இழுத்து, இல்லாத எடையைக் காட்டும். இதே தொல்லை டர்ன்டேபிளிலும் வரும். 1957இல் வந்த புகழ்பெற்ற தோரன்ஸ் டிடி 124இன் கனமான தட்டு வார்ப்பிரும்பு. எம்சியின் காந்தத்தை அது இழுக்கும், தராசில் 2.5 கிராம் வைத்தாலும் ரெக்கார்டின் மேல் அழுத்தம் அதைவிடக் கூடிவிடும். அந்த டர்ன்டேபிளில் வைத்துப் பார்த்து 'சஸ்பென்ஷன் தாழ்ந்துவிட்டது' என்று தீர்ப்புச் சொன்னால் பாவம், கார்ட்ரிட்ஜ் மேல் குற்றமே இல்லை.

எனக்கு வேண்டாத ஒரு பழைய ரெக்கார்டைச் சுழலாமல் நிறுத்திவைத்து, ஊசியை இறக்கி, கண்ணைத் தட்டின் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பேன். கார்ட்ரிட்ஜின் அடிப்பக்கத்துக்கும் ரெக்கார்டுக்கும் நடுவே இடைவெளி தாராளமாகத் தெரிய வேண்டும். தண்டு மிதமாகச் சாய்ந்து நிற்க வேண்டும். உடம்போடு ஒட்டினாற்போல் படுத்துவிட்டால் ரப்பர் குழைந்துவிட்டது. ஊசியை ஏற்றும்போதும் இறக்கும்போதும் தண்டு கொஞ்சம்கூட அசையாமல் கட்டைபோல் நின்றால் ரப்பர் இறுகிவிட்டது. குழைந்தது பார்த்ததும் தெரியும். இறுகியதுதான் ஆளை ஏமாற்றும். வெளியே எல்லாம் சரியாகவே இருக்கும், பாட்டில்தான் மாட்டிக்கொள்ளும். குளிர்ந்த அறையில் நல்ல ரப்பரும் விறைக்கும் என்பதால் அறை இருபது டிகிரிக்கு மேல் இருக்கும்போது பாருங்கள்.

ஆர்முக்குப் பொருந்துகிறதா

கார்ட்ரிட்ஜ் நன்றாக இருந்தும் உங்கள் ஆர்மில் கெட்டதாக ஒலிக்கலாம். ஆர்மின் எடையும் சஸ்பென்ஷனின் நெகிழ்வும் சேர்ந்து ஒரு தாழ்ந்த அதிர்வெண்ணில் ஊஞ்சல் ஆடும். அது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் விழுந்தால் நல்லது. அதற்குக் கீழே போனால் வளைந்த ரெக்கார்டில் ஆர்ம் துள்ளும். மேலே போனால் இசையின் அடித்தளத்தையே தொடும்.

கணக்கு எளிதுதான். ஆர்மின் செயல் எடை (effective mass), கார்ட்ரிட்ஜ், திருகுகள் எல்லாவற்றையும் கிராமில் கூட்டி, நெகிழ்வு எண்ணால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159ஐ அதால் வகுக்க வேண்டும். ஆனால் ஜப்பானியர்கள் நெகிழ்வை 100 ஹெர்ட்ஸில் அளந்து எழுதுவார்கள். இந்தக் கணக்குக்கு வேண்டியது 10 ஹெர்ட்ஸ் அளவு. ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை கூட்டிக்கொள்ள வேண்டும். டிஎல்-103இன் எண் 5. அதை 9 என்று வைப்போம். 20 கிராம் ஆர்ம், 8.5 கிராம் கார்ட்ரிட்ஜ், 1 கிராம் திருகு என்றால் 29.5. ஒன்பதால் பெருக்கினால் ஏறக்குறைய 265, வர்க்கமூலம் 16.3, விடை 9.8 ஹெர்ட்ஸ். அருமை. அதையே 9 கிராம் ஆர்மில் போட்டால் 12 ஹெர்ட்ஸைத் தாண்டிவிடுகிறது. டிஎல்-103 சப்பென்று இருக்கிறது என்று குறைசொல்பவர்களில் பாதிப் பேர் இலேசான ஆர்மில் மாட்டியவர்கள் என்பது என் சந்தேகம்.

எஸ்பியு வாங்குகிறவர்களுக்கு இன்னும் இரண்டு வேலை. ஷெல்லோடு சேர்த்து 30 கிராமுக்கு மேல் வரும். உங்கள் ஆர்மின் பின் எடை அதைச் சமன் செய்யுமா என்று முன்பே பாருங்கள். ஷெல்லிலும் ஏ, ஜி என இரண்டு உண்டு. இணைப்பிலிருந்து ஊசி வரையான தூரம் ஏயில் 30 மில்லிமீட்டர், ஜியில் 52. ஏ ஷெல்லைச் சாதாரண ஆர்மில் மாட்டினால் ஊசி ஒருநாளும் சரியான இடத்தில் விழாது.

வெளியீடு எங்கே போகிறது

0.3 மில்லிவோல்ட்டை எம்எம் உள்ளீட்டில் நேரே கொடுத்தால் ஈனமாகத்தான் கேட்கும். கார்ட்ரிட்ஜ் கெட்டது என்று நினைத்துத் திருப்பி அனுப்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். எம்சி உள்ளீடு வேண்டும், அல்லது எம்எம் உள்ளீட்டுக்கு முன்னால் மின்னழுத்தத்தைக் கூட்டித் தரும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ஒன்றுக்குப் பத்து டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் 0.3 என்பது 3 மில்லிவோல்ட் ஆகிறது. எம்எம் உள்ளீட்டின் 47 ஆயிரம் ஓம் தடை கார்ட்ரிட்ஜின் கண்ணுக்கு நூறில் ஒன்றாக, 470 ஓமாகத் தெரியும். டிஎல்-103க்கு இது சரியான ஜோடி.

ஓட்டிப் பார்ப்பது

அரை மணி நேரம் ஏதாவது ஒரு ரெக்கார்டை ஓடவிட்ட பிறகு காது கொடுங்கள். நீண்ட காலம் சும்மா கிடந்தவற்றில் சில, பத்திருபது மணி நேரம் ஓடியதும் கொஞ்சம் இளகி வரும். முதல் நாளே முடிவு கட்ட வேண்டாம்.

மோனோ ரெக்கார்ட் ஒன்று போட்டு, குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே நிற்கிறதா என்று கேளுங்கள். ஒரு பக்கம் ஒதுங்கினால் உடனே கார்ட்ரிட்ஜைப் பழிக்காதீர்கள். ஹெட்ஷெல் வயர்களை இடம் வலம் மாற்றிச் செருகுங்கள். குறை அடுத்த ஸ்பீக்கருக்கு மாறினால் கார்ட்ரிட்ஜ்; அதே ஸ்பீக்கரில் நின்றால் பின்னால் உள்ள ஏதோ ஒன்று.

அப்புறம் பக்கத்தின் கடைசிப் பாட்டு. உள்வட்டத்தில்தான் பள்ளத்தின் நெளிவுகள் நெருக்கமாக இருக்கும். பாடகரின் 'ச', 'ஸ' ஒலிகள் எச்சில் தெறிப்பதுபோல் கேட்டால் ஊசி தேய்ந்திருக்கலாம், ரப்பர் இறுகியிருக்கலாம், பொருத்திய கோணமும் பிசகியிருக்கலாம். கோணத்தைச் சரிபார்த்துவிட்டு, அழுத்தத்தை அனுமதித்த உச்சம் வரை ஏற்றிப் பாருங்கள். அதற்கும் மசியாமல், மைக்ரோஸ்கோப்பில் ஊசியும் சுத்தமாக இருந்தால் ரப்பர்தான் குற்றவாளி. நீண்டு மங்கும் பியானோ ஸ்வரமும் நல்ல சோதனை. ஸ்வரத்தின் வால் நடுங்கினால் சஸ்பென்ஷனைச் சந்தேகிக்கலாம், டர்ன்டேபிளின் வேகம் சீராக இருக்கிறது என்று முதலில் உறுதி செய்துகொண்டு.

ஹைஃபை நியூஸ் வெளியிட்ட சோதனை ரெக்கார்ட் கிடைத்தால் வேலை இன்னும் சுலபம். அதில் 300 ஹெர்ட்ஸ் ஒலி படிப்படியாக உரக்கப் பதிவாகியிருக்கும். கடைசிப் படியில் பெரும்பாலான கார்ட்ரிட்ஜ்கள் திணறும், அதற்காக வருந்த வேண்டாம். முதல் படியிலேயே ரீங்காரம் வந்தால்தான் கவலை.

விலை பேசுவது

என் கணக்கு இப்படி. இடைவெளி நன்றாக, காயில் இரண்டும் ஒத்து, ஊசி மட்டும் தேய்ந்திருந்தால், கேட்கும் விலையோடு ரீடிப் செலவையும் அதை அனுப்பித் திரும்பப் பெறும் செலவையும் கூட்டுகிறேன். அந்தத் தொகை புது டிஎல்-103இன் விலையைத் தாண்டினால், அந்தப் பழையதில் அதற்கு மேல் ஏதாவது சிறப்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் புதியதையே வாங்கிக்கொள்ளலாம். ரப்பர் போனதை, எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், முதல்முறை வாங்குபவர் தொட வேண்டாம்.

வாங்கியாயிற்று என்றால் ஒரு நோட்டில் தேதி போட்டு, இரண்டு பக்க ஓம் எண்ணையும், எந்த அழுத்தத்தில் அளந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். ரெக்கார்டின் மட்டத்தில் ஃபோனை வைத்துப் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து அதே ரெக்கார்ட், அதே அழுத்தம், அதே கோணத்தில் இன்னொரு படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வயிற்றுக்கும் தட்டுக்கும் நடுவே இருக்கும் அந்த இடைவெளி குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.